வாசற்படியில் முடிந்த வழக்கு: செரோக்கி தேசம் எதிர் ஜோர்ஜியா, 1831

1831ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரிக்க மறுத்தது. வழக்காளி செரோக்கி தேசம். எதிராளி ஜோர்ஜியா மாநிலம். எமது நிலத்தையும் எமது சட்டங்களையும் எமது அரசாங்கத்தையும் ஜோர்ஜியா பலவந்தமாகப் பறித்துக்கொண்டிருக்கிறது, அதற்குத் தடையுத்தரவு தாருங்கள் என்பதே செரோக்கிகளின் மனு. ஜோர்ஜியா செய்தது சரியென்று நீதிமன்றம் சொல்லவில்லை. பிழையென்றும் சொல்லவில்லை. இம்மனுவைக் கேட்பதற்கான நியாயாதிக்கம் எமக்கில்லை என்று மட்டும் சொன்னது.

நியாயாதிக்கம் என்பது கேட்பதற்கே வரட்சியான ஒரு சொல். எந்த நீதிமன்றம் எந்த வழக்கைக் கேட்கலாம் என்பதெல்லாம் சட்டத்தரணிகளின் கவலை, சாதாரண மனிதருக்கு அதில் என்ன இருக்கிறது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் 'உனக்கு என்ன நடந்தது?' என்ற கேள்விக்கு முன்னால் 'நீ யார்?' என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது. அந்த முதற் கேள்விக்குப் பொருத்தமான விடை இல்லாதவரிடம் அடுத்த கேள்வி கேட்கப்படுவதேயில்லை. ஐரோப்பாவில் தஞ்சம் கோரி, 'உமது கோரிக்கையை ஆராயவேண்டிய நாடு இதுவல்ல' என்ற கடிதத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வழக்கில் தோற்பது ஒன்று. வழக்கே இல்லையென்று திருப்பி அனுப்பப்படுவது வேறொன்று. செரோக்கிகளுக்கு நிகழ்ந்தது இரண்டாவது.

அவர்கள் அப்போது வாழ்ந்தது இன்றைய ஜோர்ஜியா, டெனசி, அலபாமா, வட கரோலினா ஆகிய மாநிலங்கள் ஒன்றையொன்று தொடும் மலையும் ஆறும் சார்ந்த பிரதேசத்தில். 1785இல் ஹோப்வெல்லிலும் 1791இல் ஹோல்ஸ்டன் ஆற்றங்கரையிலும் ஐக்கிய அமெரிக்கா அவர்களுடன் உடன்படிக்கைகள் செய்துகொண்டது. செரோக்கிகள் தம்மை ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்பின்கீழ் வைத்தார்கள். பதிலுக்கு, அவர்கள் விட்டுக்கொடுக்காத நிலம் அவர்களுடையதே என்று ஐக்கிய அமெரிக்கா உத்தரவாதம் அளித்தது. ஐரோப்பிய அரசுகளுடன் செய்த உடன்படிக்கைகளை எந்த முறையில் செனற் சபை அங்கீகரித்ததோ, ஹோல்ஸ்டன் உடன்படிக்கையையும் அதே முறையில்தான் அங்கீகரித்தது.

1820களில் இந்தச் சமூகத்தில் நடந்த மாற்றங்கள் வியப்புக்குரியவை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத செக்கோயா என்பவர் 1821 அளவில் தன் மொழிக்கு ஓர் எழுத்துமுறையை உருவாக்கி முடித்தார். எமது உயிர்மெய்யைப் போல ஓர் அசைக்கு ஓர் எழுத்து. இன்று புழக்கத்திலிருப்பவை 85 எழுத்துகள். சில ஆண்டுகளிலேயே எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். 1827 யூலையில் நியூ எக்கோட்டா என்னும் அவர்களது தலைநகரில் எழுதப்பட்ட அரசியல் யாப்பொன்று ஏற்கப்பட்டது. இரு சபைகள் கொண்ட சட்டமன்றம், முதன்மைத் தலைவர், நீதிமன்றம் எல்லாம் அதில் இருந்தன. 1828 பெப்ரவரி 21இல் 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற பத்திரிகை, ஆங்கிலமும் செரோக்கியும் அருகருகே அச்சிடப்பட்டு, எலியாஸ் பூடினோவை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. அதே ஆண்டு ஜோன் றொஸ் முதன்மைத் தலைவரானார்.

இந்த யாப்பின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வசதிபடைத்த செரோக்கிகள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். றொஸ்ஸும் அவர்களில் ஒருவர். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையில்லை என்று அந்த யாப்பே எழுதிவைத்தது. ஒடுக்கப்படுகிற தேசம் தனக்குள்ளே இன்னொருவரை ஒடுக்குவதில்லை என்று நம்புவதற்கு வரலாறு எங்கும் இடந்தருவதில்லை. 'நீ யார்?' என்ற கேள்வியை மற்றவரிடம் கேட்கும் அதிகாரம் செரோக்கி மேட்டுக்குடியிடமும் இருந்தது.

ஜோர்ஜியாவின் கோரிக்கை 1802ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஜோர்ஜியா தனது மேற்குப்புற நிலங்களை மத்திய அரசுக்கு விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிரதியாக, தன் எல்லைக்குள் பூர்வீகக் குடிகளுக்கு இருக்கும் நில உரித்தைச் சமாதானமாகவும் நியாயமான நிபந்தனைகளிலும் முடிவுக்குக் கொண்டுவருவதாக மத்திய அரசு வாக்களித்தது. ஆக, ஒரே நிலத்தைக் குறித்து மத்திய அரசு இருவருக்கு வாக்களித்திருந்தது. செரோக்கிகளிடம் 'இது உங்களுடையது' என்றது. ஜோர்ஜியாவிடம் 'இது உங்களுக்கு வரும்' என்றது. கால் நூற்றாண்டாக ஜோர்ஜியா பொறுமையிழந்துகொண்டிருந்தது. செரோக்கிகள் யாப்பு எழுதியதும் அந்தப் பொறுமை முற்றாகப் போயிற்று. காட்டுமிராண்டிகள் நிலத்துக்கு உரியவரல்லர் என்று அதுவரை வாதிட்டவர்கள், நாகரிகமடைந்துவிட்ட இவர்கள் இனி ஒருபோதும் போகமாட்டார்கள் என்று அஞ்சத் தொடங்கினார்கள்.

1828 முடிவில் அன்ட்ரூ ஜக்சன் ஜனாதிபதியாகத் தெரிவானார். அதே டிசம்பரிலும் அடுத்த டிசம்பரிலும் ஜோர்ஜியா இயற்றிய சட்டங்கள் செரோக்கி நிலத்தைப் பிரித்து அருகிலிருந்த மாவட்டங்களோடு இணைத்தன. 1830 யூன் 1 முதல் செரோக்கிச் சட்டங்கள் எல்லாம் செல்லுபடியற்றவை எனப் பிரகடனஞ் செய்தன. வெள்ளையர் ஒருவர் தரப்பாயிருக்கும் வழக்கில் பூர்வீகக் குடியினர் சாட்சி சொல்லமுடியாது என்றும் விதித்தன. இந்தக் கடைசி விதியின் பொருளை ஒருகணம் நிறுத்திச் சிந்திக்கவேண்டும். ஒருவன் இரவில் வந்து உங்கள் மாடுகளை ஓட்டிச்செல்கிறான். கண்டவர்கள் உங்கள் குடும்பத்தாரும் அயலவரும் மட்டுமே. அப்படியாயின் சட்டத்தின் கண்ணில் களவே நடக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த மலைகளில் பொன் கண்டெடுக்கப்பட்டிருந்தது. 1829 முதல் ஆயிரக்கணக்கானோர் பொன் தேடி உள்ளே நுழைந்தார்கள். செரோக்கிகள் தமது மண்ணிலுள்ள பொன்னைத் தோண்டுவதையே ஜோர்ஜியா தடைசெய்தது.

1830 மே 28இல் ஜக்சன் அகற்றல் சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள குடிகளை மேற்கே அனுப்பி, நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ள அது ஜனாதிபதிக்கு அதிகாரம் அளித்தது. செனற்றில் 28க்கு 19. பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 மட்டுமே. எதிர்ப்பு அற்பமாக இருக்கவில்லை. ஆனால் நிறைவேறிவிட்டது. கொங்கிரஸும் ஜனாதிபதியும் கைவிட்டபின் எஞ்சியிருந்தது நீதிமன்றம்.

செரோக்கிகள் அமர்த்திய வழக்கறிஞர் வில்லியம் வேர்ட். பன்னிரண்டு ஆண்டுகளாக ஐக்கிய அமெரிக்காவின் சட்டமா அதிபராக இருந்து 1829இல் விலகியவர். நியாயம் தம் பக்கம் உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமிருக்கவில்லை. எந்தக் கதவால் உள்ளே போவது என்பதே அவருடைய தலையிடி. பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷலின் எண்ணத்தை அறிய முடியுமா என்று இருவருக்கும் நண்பரான ஒரு நீதிபதிக்குக் கடிதம் எழுதுமளவுக்கு அவர் கவலைப்பட்டார். மார்ஷல் அனுதாபம் காட்டினாரே தவிர அபிப்பிராயம் சொல்ல மறுத்துவிட்டார்.

கதவு என்று ஏன் சொல்கிறோம் என்பதை இவ்விடத்தில் விளக்கவேண்டும். அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றங்கள் எல்லா வழக்குகளையும் கேட்கும் நீதிமன்றங்கள் அல்ல. யாப்பின் மூன்றாம் உறுப்புரை பட்டியலிட்ட வழக்குகளை மட்டுமே அவை கேட்கலாம். அப்பட்டியலில் இருவகைத் திறவுகோல்கள் உள்ளன. ஒன்று, வழக்கு எதைப் பற்றியது என்பது. யாப்பு, மத்திய சட்டங்கள், உடன்படிக்கைகள் ஆகியவற்றிலிருந்து எழும் வழக்குகள் இவ்வகை. மற்றது, வழக்காடுபவர் யார் என்பது. இரு மாநிலங்கள், வெவ்வேறு மாநிலக் குடிமக்கள், ஒரு மாநிலமும் ஓர் அந்நிய அரசும் என்று இது விரியும். செரோக்கிகளின் முறைப்பாடு முழுக்க உடன்படிக்கைகளைப் பற்றியது. எனவே முதலாவது திறவுகோல் போதுமே என்று தோன்றலாம். ஆனால் அவ்வகை வழக்குகளைத் தொடக்கத்திலிருந்தே விசாரிக்கும் பொது அதிகாரத்தைக் கொங்கிரஸ் கீழ்நிலைச் சமஷ்டி நீதிமன்றங்களுக்கு 1875 வரை நிலையாகக் கொடுக்கவில்லை. மாநில நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்று, பின்னர் 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மேலே போகலாம். அந்தப் பாதை மட்டும் இருந்தது.

அந்தப் பாதைக்கு என்ன நடந்தது என்பதை 1830 டிசம்பர் காட்டியது. கோர்ன் டாசல் என்ற செரோக்கியர் இன்னொரு செரோக்கியரைச் செரோக்கி நிலத்தில் கொலைசெய்ததாகக் குற்றஞ்சாட்டி, ஜோர்ஜியா அவரைத் தன் நீதிமன்றத்தில் விசாரித்து மரணதண்டனை விதித்தது. மார்ஷல் அவ்வழக்கின் மேன்முறையீட்டை ஏற்று ஜோர்ஜியாவுக்குக் கட்டளை அனுப்பினார். ஆளுநர் கட்டளையைச் சட்டமன்றத்தில் வைத்தார். வெளியார் தலையீட்டைச் சட்டமன்றம் கண்டித்தது. டிசம்பர் 24இல் டாசல் தூக்கிலிடப்பட்டார். மேன்முறையீட்டாளர் இறந்துவிட்டால் மேன்முறையீடும் இல்லை. இந்தளவு எளிமையான முறையில் ஒரு நீதிமன்றத்தின் வாயை மூடலாம் என்பதை ஜோர்ஜியா காட்டியது.

எஞ்சியது 'யார்' என்ற இரண்டாவது திறவுகோல். அதிலும் ஒரு சிக்கல் ஏற்கெனவே இருந்தது. அதையும் உண்டாக்கியது ஜோர்ஜியாதான். சுதந்திரப் போர்க்காலத்தில் தென் கரோலினா வணிகர் ஒருவர் ஜோர்ஜியாவுக்குப் பொருட்கள் வழங்கியிருந்தார். பணம் வரவில்லை. அவர் இறந்தபின் அவரது மரணசாதன நிறைவேற்றுநர் சிசம் என்பவர் உச்ச நீதிமன்றத்தில் ஜோர்ஜியாமீது வழக்குத் தொடுத்தார். இறைமையுள்ள மாநிலத்தின்மீது தனியொருவர் வழக்குப் போடமுடியாது என்று சொல்லி ஜோர்ஜியா நீதிமன்றத்தில் வாதிட மறுத்தது. 1793 பெப்ரவரியில் நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வழக்காளி பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நிறைவேற்ற வருபவர் எவராயினும் தூக்கிலிடப்படுவார் என்ற மசோதாவொன்றை ஜோர்ஜியாவின் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை. ஆனால் மற்ற மாநிலங்களும் தம் கடன்காரரை நினைத்துக் கலங்கின. 1795இல் யாப்பின் 11ஆவது திருத்தம் வந்தது. பிற மாநிலக் குடிமக்களோ அந்நிய நாட்டுக் குடிமக்களோ ஒரு மாநிலத்தின்மீது சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரமுடியாது என்றது அது.

வேர்ட் அந்தத் திருத்தத்தைக் கவனமாக வாசித்தார். குடிமக்களைப் பற்றித்தான் அதில் இருந்தது. அந்நிய அரசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் உறுப்புரையோ மாநிலத்துக்கும் அந்நிய அரசுக்கும் இடையிலான வழக்கை உச்ச நீதிமன்றமே நேரடியாகக் கேட்கலாம் என்கிறது. ஆகவே செரோக்கியர் ஒருவராகத் தனித்து வரமுடியாது. செரோக்கி தேசமாக, ஓர் அந்நிய அரசாக வரலாம். இந்த ஒற்றைச் சொல்லின்மீதே வழக்கு முழுவதும் கட்டப்பட்டது. நிலம், பொன், உடன்படிக்கை, டாசலின் உயிர் ஆகிய எல்லாம் 'அந்நிய' என்ற பெயரடையின் பின்னால் வரிசையில் நின்றன.

அக்காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டிடம் இருக்கவில்லை. கொங்கிரஸ் மண்டபத்தில் செனற் சபைக்கு நேர்கீழே இருந்த அறையில் அது கூடியது. அகற்றல் சட்டம் நிறைவேறிய தளத்தின் கீழ்த்தளத்தில் அச்சட்டத்தால் அச்சுறுத்தப்பட்டவர்களின் மனு வாதிடப்பட்டது. வேர்ட்டும் ஜோன் சேர்ஜன்ட்டும் செரோக்கிகளுக்காகப் பேசினார்கள். எதிராளியின் இருக்கையில் எவரும் இல்லை. 1793இல் செய்ததுபோல ஜோர்ஜியா இம்முறையும் வரவில்லை.

ஏழு நீதியரசர்களில் ஆறுபேர் அமர்ந்திருந்தார்கள். தீர்ப்பை மார்ஷல் வாசித்தார். நீதிமன்றங்கள் அனுதாபத்துக்கு இடமளிக்கலாமென்றால் இதைவிட அனுதாபத்துக்குரிய வழக்கைக் கற்பனைசெய்வதே கடினம் என்று அவர் தொடங்கினார். செரோக்கிகள் ஓர் அரசு, தம்மைத் தாமே ஆளக்கூடிய தனியான அரசியல் சமூகம் என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்நிய அரசா? அவர்களது நிலம் ஐக்கிய அமெரிக்காவின் எல்லைக்குள் இருக்கிறது. உடன்படிக்கைகளில் அவர்களே அதன் பாதுகாப்பை ஏற்றிருக்கிறார்கள். வர்த்தகம் பற்றிய யாப்பின் வாசகம் அந்நிய தேசங்கள், மாநிலங்கள், இந்தியக் குலங்கள் என மூன்றையும் வேறுவேறாகச் சொல்கிறது. குலங்களும் அந்நிய தேசங்களாயின் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லவேண்டிய தேவை என்ன? எனவே அவர்களை 'உள்நாட்டுச் சார்புத் தேசங்கள்' என்று அழைப்பதே பொருத்தம் என்றார். ஐக்கிய அமெரிக்காவுடன் அவர்களுக்குள்ள உறவு, பராயமடையாத பிள்ளைக்கும் அதன் பாதுகாவலருக்கும் உள்ள உறவை ஒத்தது என்றார்.

இந்தச் சொற்றொடர் யாப்பில் இல்லை. உடன்படிக்கைகளில் இல்லை. மார்ஷல் அன்று உண்டாக்கியது. கதவில் எழுதப்பட்டிருந்த பெயர்களில் எதுவும் இந்தப் புதிய பெயருக்குப் பொருந்தவில்லை. செரோக்கிகளுக்கு உரிமைகள் இருந்தாலும் அவற்றை வலியுறுத்தும் மன்று இதுவல்ல, அநீதி நடந்திருந்தாலும் அதைத் தீர்க்கும் மன்று இதுவல்ல என்று அவர் முடித்தார். எந்த மன்று என்று அவர் சொல்லவில்லை. அப்படி ஒரு மன்று இருக்கவுமில்லை.

நீதியரசர் மக்லீன் மார்ஷலோடு சேர்ந்தார். ஜோன்சனும் போல்ட்வினும் வழக்கைத் தள்ளுவதில் உடன்பட்டாலும் செரோக்கிகள் ஓர் அரசு என்பதையே ஏற்கவில்லை. இரத்த உறவாலும் வழக்கத்தாலும் மட்டும் இணைந்த மக்கள், அரசென்று சொல்லத்தக்க அமைப்பில்லாதவர்கள் என்றார் ஜோன்சன். அச்சில் வந்த ஒரு யாப்பும் வாராந்தம் வெளிவந்த ஒரு பத்திரிகையும் அவருக்குப் போதவில்லை. தொம்சனும் ஸ்டோரியும் மட்டும் மாறுபட்டார்கள். தன்னைவிட வலிய அரசொன்றின் பாதுகாப்பை ஏற்பதால் ஒரு சிறிய அரசு அரசாயிருப்பதை இழந்துவிடுவதில்லை, அது தன்னைத் தானே ஆளும்வரை அரசுதான், ஐக்கிய அமெரிக்காவின் குடிமக்களாக அல்லாதவர்கள் வேறு எவராக இருக்கமுடியும் என்பது தொம்சன் எழுதிய அபிப்பிராயத்தின் சாரம். அது தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்று எழுதப்பட்டிருக்கவில்லை; பின்னர் எழுதப்பட்டது. மாறுபட்டு எழுதுமாறு ஊக்கியவர்களில் மார்ஷலும் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. உண்மையாயின், தன் தீர்ப்புக்கு எதிரான குரல் பதியப்படவேண்டும் என்று விரும்பிய நீதிபதியின் மனநிலையை ஊகிக்க அதுவே போதும்.

மார்ஷல் ஏன் இப்படிச் செய்தார்? நீதிமன்றமே அப்போது ஆபத்திலிருந்தது என்பது ஒரு விளக்கம். டாசல் தூக்கிலிடப்பட்ட அடுத்த மாதம், 25ஆம் பிரிவையே நீக்கிவிடும் மசோதா பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 138க்கு 51 என்று தோற்றது. ஆயினும் 51பேர் கைதூக்கினார்கள் என்பதை எந்தப் பிரதம நீதியரசரும் மறக்கமாட்டார். செரோக்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தால் ஜக்சன் அதை நிறைவேற்றியிருக்கமாட்டார் என்பதும் தெளிவு. நிறைவேறாத தீர்ப்பைவிடத் தீர்ப்பில்லாமையே நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. இந்தத் தர்க்கத்தைப் புரிந்துகொள்ளமுடிகிறது. ஆனால் நிறுவனம் தன்னைக் காத்துக்கொண்ட செலவை யார் செலுத்தினார்கள் என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மார்ஷல் ஒரு சிறு இடைவெளியை விட்டுவைத்திருந்தார். உரிய தரப்பினர் உரிய முறையில் வந்தால் உரிமை பற்றிய கேள்வியைத் தீர்க்கலாம் என்ற பொருள்படப் பேசியிருந்தார். அந்த இடைவெளியால் அடுத்து வந்தவர் ஒரு வெள்ளையர். செரோக்கி நிலத்தில் வாழும் வெள்ளையர் அனுமதி பெற்று, ஜோர்ஜியாவுக்கு விசுவாசச் சத்தியம் செய்யவேண்டும் என்றொரு சட்டம் வந்தது. நியூ எக்கோட்டாவில் தங்கி 'பீனிக்ஸ்' பத்திரிகைக்கு உதவிய மதப்போதகர் சாமுவேல் வூஸ்ரர் மறுத்தார். முதற் கைதில், அவர் தபாலதிபராகவும் இருந்தபடியால் மத்திய அரசின் உத்தியோகத்தர் என்று விடுவிக்கப்பட்டார். உடனே அவரது தபாலதிபர் பதவி பறிக்கப்பட்டது. 1831 செப்டம்பரில் அவரும் இன்னும் பத்துப்பேரும் நாலு ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார்கள். ஒன்பதுபேர் மன்னிப்பை ஏற்று வெளியேறினார்கள். வூஸ்ரரும் எலைசர் பட்லரும் சிறைக்குப் போனார்கள்.

இப்போது 25ஆம் பிரிவு வேலைசெய்தது. தண்டிக்கப்பட்டவர் உயிரோடிருந்தார். அவர் யார் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. 1832 மார்ச் 3இல் மார்ஷல் தீர்ப்பளித்தார்: செரோக்கி தேசம் தன் எல்லைக்குள் தனியான சமூகம், அங்கே ஜோர்ஜியாவின் சட்டங்களுக்கு வலுவில்லை. வலியவரின் பாதுகாப்பை ஏற்பதால் சிறிய அரசு அழிவதில்லை என்று முந்திய ஆண்டு தொம்சன் சொன்ன நியாயத்தையே இப்போது மார்ஷலும் கைக்கொண்டார். செரோக்கிகள் தமது வாயால் சொன்னபோது கேட்கமுடியாதிருந்த அதே விடயம், வெள்ளைக் கைதியொருவரின் வழக்காக வந்தபோது கேட்கப்பட்டது.

ஜோர்ஜியா பணியவில்லை. 'மார்ஷல் தீர்ப்பளித்தார், அவரே நிறைவேற்றட்டும்' என்று ஜக்சன் சொன்னதாக எங்கும் எழுதப்படுகிறது. அது மூன்று தசாப்தங்களுக்குப்பின் 1864இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில்தான் முதன்முதல் காணப்படுகிறது. அவர் அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எதுவும் செய்யாமலிருந்ததே போதுமாயிருந்தது. 1832 முடிவில் தென் கரோலினா மத்திய சட்டங்களை ஏற்கமறுத்துக் கிளம்பியபோது, ஜோர்ஜியாவும் அதனோடு சேர்ந்துவிடக்கூடாது என்ற அவசரத்தில் சமரசம் பேசப்பட்டது. 1833 சனவரியில் இரு போதகர்களும் விடுதலையானார்கள். செரோக்கிகளின் நிலம் அதற்கு முன்னரே சீட்டுக் குலுக்கலில் ஜோர்ஜியாவின் வெள்ளையருக்குப் பங்கிடப்படத் தொடங்கியிருந்தது.

மிச்சக் கதை பலரும் அறிந்தது. அதில் ஒரு விடயத்தை மட்டும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். 1835 டிசம்பர் 29இல் நியூ எக்கோட்டாவில் ஒரு சிறு குழு, பூடினோ உட்பட, நிலம் முழுவதையும் 50 இலட்சம் டொலருக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. முதன்மைத் தலைவர் றொஸ் அங்கே இல்லை. தேசத்தின் சபை அவர்களுக்கு அதிகாரம் அளிக்கவில்லை. 15,000க்கு மேற்பட்ட பெயர்களோடு எதிர்ப்பு மனு வாஷிங்டனுக்குப் போனது. ஆயினும் செனற் அதைச் செரோக்கி தேசத்துடனான உடன்படிக்கையாக, தேவையான மூன்றிலிரண்டுக்கு ஒரேயொரு வாக்கு அதிகமாக, அங்கீகரித்தது. வழக்காடுவதற்கு அரைத் தேசமாயிருந்தவர்கள், நிலத்தை எழுதிக்கொடுப்பதற்கு முழுத் தேசமானார்கள். 1838இல் ஜெனரல் ஸ்கொட்டின் படையினர் வீடுவீடாகச் சென்று மக்களை முகாம்களில் அடைத்தார்கள். ஏறத்தாழ 16,000பேரும், அவர்களோடு அவர்களது அடிமைகளும், இன்றைய ஒக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலும் சுமார் 4,000பேர் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கையெழுத்திட்ட பூடினோ 1839 யூன் 22இல் தன் இனத்தவராலேயே கொல்லப்பட்டார்.

செரோக்கிகள் போனபின்னும் 1831இன் சொற்கள் போகவில்லை. மார்ஷல் 'ஒத்தது' என்று உவமையாகச் சொன்ன பாதுகாவலர் உறவு, 1886இல் ககாமா வழக்கில் அதிகாரமாகவே மாறிவிட்டது: இக்குடிகள் தேசத்தின் பராமரிப்பிலுள்ள பிள்ளைகள், எனவே அவர்கள்மீது கொங்கிரஸ் சட்டம் இயற்றலாம். 1903இல் அவர்களுடனான உடன்படிக்கைகளையே கொங்கிரஸ் தன்னிச்சையாக மீறலாம் என்று தீர்ப்பு வந்தது. மறுபுறம், 'தேசம்' என்ற சொல் அந்தத் தொடரில் இருந்தபடியால் மாநிலங்கள் இக்குடிகளை முற்றாக விழுங்கவும் முடியவில்லை. 2020இல் கிழக்கு ஒக்லஹோமாவில் மஸ்கோகி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி இன்னும் உயிரோடிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஒக்லஹோமா நீதிமன்றம் செரோக்கி நிலத்துக்கும் அதையே சொன்னது. 2022இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், அந்நிலத்தில் பூர்வீகக் குடியினருக்கு எதிராக மற்றவர்கள் செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று கதவு மீண்டும் பாதி சாத்தப்பட்டது. செரோக்கிகளும் தம் பங்குக்குத் தமது கதவைப் பார்க்கவேண்டியிருந்தது. அவர்களிடம் அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியாருக்கும் குடியுரிமை உண்டு என்று 2017இல் சமஷ்டி நீதிமன்றமொன்று சொன்னது. 2021இல் செரோக்கி தேசத்தின் உச்ச நீதிமன்றம் 'இரத்தத்தால்' என்ற சொல்லைத் தமது யாப்பிலிருந்து நீக்கியது.

வேர்ட் தேடிய அந்தக் கதவு என்னவாயிற்று? 1934இல் மொனாக்கோ, தன்னிடமிருந்த கடன்பத்திரங்களுக்காக மிசிசிப்பி மாநிலத்தின்மீது வழக்குத் தொடர வந்தது. மொனாக்கோ அந்நிய அரசு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. மாநிலம் சம்மதித்தாலன்றி அந்நிய அரசும் வழக்குத் தொடரமுடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 1991இல் அலாஸ்காவின் நோடாக் கிராம மக்கள் வந்தபோது, மாநிலம் சம்மதித்தாலன்றி பூர்வீகக் குடிகளும் வழக்குத் தொடரமுடியாது என்றது. 1831இல் அந்நிய அரசாக இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்நிய அரசாக இருந்திருந்தாலும் உள்ளே போயிருக்கமுடியாது என்று நூறாண்டு கழித்துத் தெரியவந்தது.

1992இல் ஜோர்ஜியாவின் மன்னிப்புச் சபை வூஸ்ரருக்கும் பட்லருக்கும் மன்னிப்பு வழங்கி, அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று ஏற்றுக்கொண்டது. 160 ஆண்டுகள் பிந்தியாவது ஒரு தண்டனையைத் துடைக்கமுடிந்தது; ஏனெனில் அங்கே ஒரு வழக்கு இருந்தது, ஒரு தண்டனை இருந்தது, இரு பெயர்கள் இருந்தன. செரோக்கி தேசம் எதிர் ஜோர்ஜியா என்ற வழக்கில் அப்படித் துடைப்பதற்கு எதுவுமில்லை. அதில் எதுவும் தீர்க்கப்படவேயில்லை.